பலகாரமும் கொடுப்போம், குண்டுக்குக் கணக்கும் கேட்போம்

தீபாவளிக்கு முதல் நாள், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பெண்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு ஒரு காகிதத் தட்டு வந்து சேரும்: முறுக்கு, அதிரசம், பர்ஃபி, குலாப் ஜாமூன், எதையாவது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு பக்கியின் பின்னால் ஏற்றி (பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி, ஊர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம்) போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போவோம். இரவு ஷிஃப்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. முக்கால்வாசிப் பேர் ஜூலுக்காரர்கள், முறுக்குதான் முதலில் காலியாகும்.

அந்தத் தட்டுகளுக்குப் பெயர் சேர்க்கும் அதே வாட்ஸப் குழுவில்தான் 2024 ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. டர்பனுக்கு மேற்கே மரியன்ஹில்லில் போலீஸ் தேடிப்போன இடத்தில் துப்பாக்கிச் சண்டை, சந்தேக நபர்கள் ஒன்பது பேர் சாவு. எங்கள் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. குழு முழுக்கக் கைதட்டும் படம், கும்பிடும் கை, "இன்னும் ஒன்பது வேணும்" என்று ஒருவர். போலீஸையே விசாரிக்கும் தனி அமைப்பு ஒன்று இங்கே உண்டு, பெயர் ஐபிட். அதை நினைத்து நான் ஒரே ஒரு வரி போட்டேன்: "ஐபிட் ஆட்கள் போய்ப் பார்த்தார்களா?" உடனே பதில் வந்தது, "அண்ணா, நீங்க என்ன திருடன் பக்கமா?"

கோபம் வரவில்லை. கேட்டவனுடைய அம்மாவின் கழுத்துத் தாலியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசலிலேயே துப்பாக்கியைக் காட்டி அறுத்துக்கொண்டு போனார்கள், அவன் அப்படித்தான் கேட்பான். ஆனால் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல வாட்ஸப் போதாது. அதனால்தான் இது.

முதலில் கைதட்டுவது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நாட்டில் ஒரு வருஷத்தில் 27,000-க்கு மேல் கொலை நடந்திருக்கிறது, அதாவது ஒரு நாளைக்கு எழுபதைத் தாண்டி. நம்மூரில் பத்து வருஷத்துக்கு ஒரு தரம் கேள்விப்படும் மாதிரியான கொள்ளை இங்கே அடுத்த தெருவில் நடக்கும். போலீஸ்காரர்களும் சாகிறார்கள், வருஷத்துக்கு நூறு பேர் அளவில், அதில் பெரும்பாலோர் வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, சிலர் இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்காகவே. ஒவ்வொரு செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையும் பிரிட்டோரியா யூனியன் பில்டிங்ஸில் அந்த வருஷம் இறந்தவர்கள் பெயரை வாசிக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கேட்ட பிறகு "போலீஸ் எல்லாம் கொலைகாரர்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் பேச எனக்கு வாய் வராது.

சரி, மறுபக்கக் கணக்கு. போலீஸ் நடவடிக்கையால் இறந்தவர்கள் என்று ஐபிட் பதிவு செய்வது சமீப ஆண்டுகளில் வருஷத்துக்கு 400-ஐ ஒட்டி நிற்கிறது, ஒரு வருஷம் கொஞ்சம் குறையும், ஒரு வருஷம் தாண்டும். பெரும்பாலும் துப்பாக்கிச் சூடு. மாகாண வாரியாகப் பார்த்தால் டர்பன் இருக்கும் நம்ம க்வாசுலு-நடால்தான் வழக்கமாக முதலிடம். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து ஏறக்குறைய நம் நாட்டு மக்கள்தொகைதான், அங்கே போலீஸ் குண்டில் இறப்பவர்களை ஒரு வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே திருடனிடம் ஏகே-47 இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த 400-ல் எத்தனை பேர் கையில் நிஜமாகவே துப்பாக்கி இருந்தது, எத்தனை பேர் முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தார்கள்? அதைப் பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், நான் கேட்டது அந்த ஆளைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் பல வருஷம் தெரியாமல்தான் இருந்தது. எல்லாம் 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49-வது பிரிவில் இருக்கிறது. பழைய வடிவத்தில், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் குற்றத்தில் சந்தேகப்பட்டவர் ஓடினால், பிடிக்க வேறு வழியில்லையென்றால், கொல்லலாம். அது நியாயமான கொலையாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்த அட்டவணையில் கொலை இருந்தது, வன்புணர்வு இருந்தது, சாதாரணத் திருட்டும் இருந்தது. கோழி திருடியவன் ஓடினாலும் கணக்கு ஒன்றுதான்.

அது மாறிய கதையில் நம்ம பெயர் ஒன்று இருக்கிறது. 2001-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, கோவெண்டர் எதிர் போலீஸ் துறைக்குப் பொறுப்பான அமைச்சர். (கவுண்டர் எப்படி கோவெண்டர் ஆனார் என்பது கப்பலில் பெயர் எழுதிய குமாஸ்தாவைக் கேட்க வேண்டிய தனிக் கதை.) திருட்டுக் காரிலிருந்து இறங்கி ஓடிய பதினேழு வயதுப் பையன். போலீஸ் சுட்டதில் முடமாகிப் போனான். பையன் செய்தது சரியென்று யாரும் சொல்லவில்லை, வழக்குப் போட்ட அப்பாவும் சொல்லவில்லை. ஓடுகிறான் என்பது மட்டும் போதாது, அவனால் யாருக்கு என்ன ஆபத்து என்று பார்த்துத்தான் சுட வேண்டும் என்றது நீதிமன்றம். அடுத்த வருஷமே, 2002 மே மாதம், வால்டர்ஸ் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை முடித்து வைத்தது. கிழக்குக் கேப்பில் லேடி ஃப்ரேர் ஊரில் அப்பாவும் மகனும் தங்கள் பேக்கரியில் நுழைந்து ஓடிய திருடனைச் சுட்டுக் கொன்ற வழக்கு அது. கைது செய்வது ஆளை நீதிமன்றத்தில் நிறுத்துவதற்கு, தண்டிப்பதற்கு அல்ல என்று சொல்லி, பழைய பிரிவின் அந்தப் பகுதியையே செல்லாததாக்கினார்கள்.

இதில் ஒரு கூத்து. நாடாளுமன்றம் இந்தப் பிரிவை 1998-லேயே திருத்திவிட்டது. போலீஸின் கை கட்டப்படும் என்ற கூச்சலில் அந்தத் திருத்தம் ஐந்து வருஷம் அலமாரியில் தூங்கி, 2003-ல்தான் நடைமுறைக்கு வந்தது. வாசகம் குழப்புகிறது என்று 2012-ல் மறுபடியும் திருத்தினார்கள். இப்போதைய நிலையைச் சுருக்கமாகச் சொன்னால், பிடிக்கப் போகிறவருக்கோ வேறு யாருக்கோ கடும் வன்முறை ஆபத்து இருந்தால் உயிர்போகும் விசையைப் பயன்படுத்தலாம். அல்லது, ஆளைக் கடுமையாகக் காயப்படுத்தும், அல்லது காயப்படுத்துவதாக மிரட்டும் குற்றத்தைச் செய்தவன் என்று நியாயமான சந்தேகம் இருந்து, அவனைப் பிடிக்க அப்போதோ பிறகோ வேறு எந்த வழியும் இல்லையென்றால் பயன்படுத்தலாம். இந்த "பிறகோ" என்ற சொல்லை வாட்ஸப்பில் யாரும் படிப்பதில்லை. நாளைக்கு வீட்டில் போய்ப் பிடிக்க முடியுமென்றால் இன்றைக்கு முதுகில் சுடக் கூடாது என்று அர்த்தம். நாட்டில் மரண தண்டனையே 1995-ல் ஒழிந்துவிட்டது. மாதக்கணக்கில் சாட்சி கேட்டு, இரு பக்கமும் வாதாடி முடித்த நீதிபதிக்கே இல்லாத அதிகாரம், ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் நிற்கும் இருபத்தைந்து வயது கான்ஸ்டபிளுக்கு, ஆபத்து என்ற ஒரே காரணத்துக்காக இருக்கிறது. அது அவனுக்கு வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது அவன் தலையில் எவ்வளவு பெரிய சுமை என்று கைதட்டுகிறவர்கள் ஒரு தரமாவது நினைத்துப் பார்க்கிறார்களா என்று தெரியவில்லை.

நினைத்துப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற போலீஸ் வாரண்ட் ஆபீசர் ஒருவர் இருக்கிறார், தெரு முழுக்க அவருக்கு மாமா. இங்கிலீஷில் ஆரம்பித்து ஆயா சொல்லிக்கொடுத்த தமிழில் முடிப்பார். மரியன்ஹில் பேச்சு வந்த வாரம் அவர் வீட்டு வராந்தாவில் டீயும் வறுத்த கடலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் குழுவில் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னேன். சிரித்தார். பிறகு தட்டிலிருந்த கோப்பைகளை நகர்த்தினார்.

"இந்தக் கப்பு நான். அந்த பிஸ்கட்டு அவன், விழுந்து கிடக்கான்." கடலைத் தோலை ஒவ்வொன்றாகக் கோப்பைக்கு வலப்பக்கம் போட்டார். "எங்க கிட்ட இருக்கற பிஸ்டலு ஸெட்-88. மேகஸின்ல பதினஞ்சு. சுட்டா காலித் தோட்டா வலது பக்கமாத் தெறிக்கும். அது கிடக்கற இடத்தைப் பார்த்தா நான் எங்கே நின்னேன்னு தெரிஞ்சிடும். நின்னேனா, நடந்துகிட்டே சுட்டேனா, அதுவும் தெரியும்." பிறகு பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்தார். "அவன் சுட்டான், நான் திருப்பிச் சுட்டேன்னு எழுதறேன். சரி, அவன் தோட்டா எங்கே? ரிவால்வர்னா உள்ளேயே இருக்கும், அதையாவது திறந்து காட்டு. எதுவுமே இல்லைன்னா?"

பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாத அந்த மேசைத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதைத்தான் மாரிகானாவில் பார்த்தோம். 2012 ஆகஸ்ட் 16, பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், போலீஸ் சுட்டு 34 பேர் சாவு. தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தது முதல் இடம், அங்கே சில நொடிகளில் 17 பேர். கேமரா இல்லாத பாறைச் சந்தில், பிறகு, இன்னொரு 17 பேர். ஃபார்லம் விசாரணைக் குழு முன்பு வந்த போலீஸின் சொந்தப் படங்களிலேயே, வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பிணத்தின் அருகே ஆயுதம் இல்லை, இருட்டிய பிறகு எடுத்த படத்தில் இருக்கிறது. அதற்கு மூன்று நாள் முன்பு வேலைநிறுத்தக்காரர்கள் இரண்டு போலீஸ்காரர்களை வெட்டிக் கொன்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் மாரிகானாவைப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பதினாறாம் தேதி நின்ற போலீஸின் மனசில் அந்த இரண்டு பிணமும் இருந்திருக்கும். ஆனால் பயத்தையும் கோபத்தையும் சேர்த்து எடைபோட்டாலும் இரண்டாவது இடத்தில் இருட்டிய பிறகு முளைத்த ஆயுதத்துக்குப் பதில் கிடைக்காது. அந்த 34 பேர் சாவுக்காக இன்றுவரை ஒரு போலீஸ்காரர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

பயம் சுடும் என்பதற்குப் பழைய சாட்சியும் டர்பனிலேயே இருக்கிறது. 1960 ஜனவரியில் கேட்டோ மேனரில் சாராயச் சோதனைக்குப் போன ஒன்பது போலீஸ்காரர்களைக் கூட்டம் அடித்துக் கொன்றது. கேட்டோ மேனர் என்றால் நம்ம பாட்டன்கள் காய்கறி போட்ட மண். அடுத்த இரண்டு மாதத்தில், மார்ச் 21 அன்று, ஷார்ப்வில்லில் கூட்டத்தைப் பார்த்த போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள், நிறையப் பேருக்கு முதுகில் குண்டு. கேட்டோ மேனர் நினைவு ஷார்ப்வில் போலீஸின் நடுக்கத்தில் இருந்தது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அதற்கும் முன்னால் போனால் 1913 நவம்பர், மவுண்ட் எட்ஜ்கோம்ப், எஸ்பெரான்சா கரும்புத் தோட்டங்கள், மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த நம் கூலிக்காரர்கள் போலீஸ் குண்டில் விழுந்தார்கள். விசாரிக்கக் குழு போட்டார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் இந்தியர்களுக்கு விரோதி என்று ஊருக்கே தெரிந்தவர்கள், காந்தி புறக்கணித்துவிட்டார். யார் விசாரிக்கிறார் என்ற கேள்வி இந்த மண்ணில் நமக்கு நூறு வயசு தாண்டியது. சாட்ஸ்வொர்த்தில் லென்னி நாயுடு டிரைவ் வழியாகத்தான் பலர் தினமும் கடைக்குப் போகிறார்கள். அந்தப் பெயருக்குரிய பையன் நிறவெறி ஆட்சியை எதிர்த்த போராளி, 1988 ஜூனில் சுவாசிலாந்து எல்லைப் பக்கம் போலீஸ் பதுங்கியிருந்து சுட்டதில் இறந்தவன்.

இப்போது விசாரிக்க வேண்டியது ஐபிட். சுதந்திரப் போலீஸ் புலனாய்வு இயக்ககம், 2011-ஆம் ஆண்டுச் சட்டம், 2012 ஏப்ரலில் இருந்து வேலை செய்கிறது. காவலில் சாவு, போலீஸ் நடவடிக்கையில் சாவு, அரசுத் துப்பாக்கி வெடித்தது, போலீஸ் செய்த வன்புணர்வு, சித்திரவதை எல்லாம் இவர்கள் விசாரிக்க வேண்டியவை. இப்படி ஒன்று நடந்தால் ஸ்டேஷன் தலைவர் உடனே இவர்களுக்குச் சொல்ல வேண்டும், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அதுவே இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போலீஸ் படை 1,80,000 பேர் அளவில், ஐபிட் புலனாய்வாளர்கள் நாடு முழுக்க இருநூறு பேருக்கும் குறைவு. அவர்கள் வந்து சேர்வதற்குள் மழை பெய்துவிடும், தோட்டாவைக் கார் டயர் மிதித்துவிடும், சாட்சிக்குப் பயம் வந்துவிடும். தலைமையை அமைச்சர் நினைத்தால் தூக்கலாம் என்ற நிலையும் இருந்தது. 2016-ல் ஐபிட் தலைவராக இருந்த நம்ம டர்பன்காரர் ராபர்ட் மெக்பிரைட் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய்த்தான் அதை உடைத்தார்.

எங்கள் குழுவில் யாருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நல்ல போலீஸுக்கும் ஐபிட் தேவை. டர்பன் போலீஸின் கேட்டோ மேனர் குற்றப் பிரிவை ஒரு பத்திரிகை 2011-ல் கொலைப்படை என்று எழுதியது, அதிகாரிகள் மீது வழக்கு வந்தது, குடும்பம் அலைந்தது. பிறகு பத்திரிகை மன்னிப்புக் கேட்டது, 2019-ல் அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. அந்த அதிகாரிகளுக்கு எட்டு வருஷம் போச்சு. அந்தப் பிரிவு சுட்டதில் இறந்தவர்களின் குடும்பத்துக்கோ, ஆள் எப்படிச் செத்தான் என்பதை எந்த நீதிமன்றமும் சாட்சி வைத்துத் தீர்த்துச் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே தோட்டாவை ஒழுங்காக எண்ணியிருந்தால் இரண்டு தரப்பும் இப்படி அந்தரத்தில் நின்றிருக்காது.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால் என்கவுன்டர் ஞாபகம் வரும். அங்கேயும் இதே கைதட்டல்தான், பட்டாசு வேறு. சாத்தான்குளத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் அடங்கியது.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்த வழக்குகளையும் வராத வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2011-ல் ஃபிக்ஸ்பர்க்கில் தண்ணீர் கேட்டுப் போராடிய ஆண்ட்ரீஸ் தட்டானே போலீஸ் அடித்துச் சுட்டதில் இறந்தார், தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஏழு போலீஸ்காரர்கள் விடுதலை. தலைக்கவசத்துக்குள் இருந்தது எந்த முகம் என்று நிரூபிக்க முடியவில்லை. 2021 மார்ச்சில் ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டெய்னில் மாணவர் போராட்டத்தின்போது, போராட்டத்தோடு சம்பந்தமே இல்லாமல் டாக்டரின் கிளினிக் வாசலிலிருந்து வெளியே வந்த ஒருவர் ரப்பர் குண்டில் இறந்தார். நான்கு பேர் மீது வழக்கு, நான்கு பேரும் விடுதலை. ஆனால் 2013-ல் டேவிட்டனில் மொசாம்பிக் டாக்சி டிரைவர் ஒருவரைப் போலீஸ் வேனின் பின்னால் கட்டி இழுத்த வழக்கில், வேடிக்கை பார்த்தவர்கள் போனில் எடுத்த படம் இருந்தது, முகம் தெரிந்தது. எட்டு பேருக்குப் பதினைந்து வருஷம். அந்த முகத்தையும் பெயரையும் நிலைநிறுத்தத்தான் உடலில் மாட்டும் கேமரா. எல்லாக் காவலருக்கும் அது இன்னும் வந்தபாடில்லை, வரும் வரும் என்று அமைச்சர்கள் மாறி மாறிச் சொல்கிறார்கள்.

அப்புறம் 2021 ஜூலை. அதைப் பேசாமல் போனால் நான் பொய்யன். கலவரத்தில் போலீஸ் காணாமல் போன அந்த வாரத்தில் நாடு முழுக்க 350-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டர்பனில் நம்ம இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர், பெரும்பாலோர் கறுப்பர்கள். தெரு முனையில் துப்பாக்கியோடு நின்றது நம்ம ஆட்களும்தான். யார் சுட்டது, எதற்குச் சுட்டது, ஓடினவனையா வந்தவனையா, எந்தப் பதிவேடும் இல்லை, யாருக்கும் பயிற்சி இல்லை. போலீஸ் வேண்டாம் என்று பேசும் கெட்டிக்காரர்களை அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு ராத்திரி படுக்கச் சொல்ல வேண்டும். மாமா அந்த வாரம் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், துப்பாக்கியை வெளியே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் தடுப்பு போடப் போனபோது கூப்பிட்டு உட்கார வைத்து, "சுட்டுட்டா அப்புறம் என்ன எழுதுவே, சொல்லு" என்று கேட்டிருக்கிறார். பையன்களிடம் பதில் இல்லை.

இருபத்தெட்டு வருஷச் சர்வீஸில் அவர் ஆளைப் பார்த்துச் சுட்டது ஒரே ஒரு தரம். அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். அந்த ராத்திரி பாக்கெட் புக்கில் எழுதும்போது பேனா நிற்கவில்லை என்றார், கையெழுத்தைத் தானே மறுநாள் படிக்க முடியவில்லையாம். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அது பழைய காலம், சொந்த ஸ்டேஷன் ஆளே விசாரித்து மூடிவிட்டார். "கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. சரியாகத்தான் சுட்டாய் என்று யாராவது கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக அவர் காத்திருக்கிறார் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது.

போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டின் பின்கதவை உடைத்தார்கள். நாங்கள் மாடியில் இருந்தோம், கத்தியதில் ஓடிவிட்டார்கள். போலீஸ் நாற்பது நிமிஷத்தில் வந்தது, இங்கே அது சீக்கிரம். ஒரு பெண் கான்ஸ்டபிள், கூட ஒரு பையன். பையன் துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி தோட்டத்தைச் சுற்றி வந்தான், பிறகு உறையில் போட்டுப் பட்டனை மாட்டினான். அந்தப் பெண் என் மாமியாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கேஸ் நம்பர் கொடுக்கும்போது நான் அவள் பெயரைக் கேட்டேன். வெளி விளக்கை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள், இருட்டு. அவள் டார்ச்சைத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பிப் பெயர்ப் பட்டையில் அடித்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.